விடியுமட்டும் இருந்தவர்கள்

நமது மாநாட்டு மலர்களிலும் ஆய்வரங்கத் தொகுப்புகளிலும் நாடகம் பற்றிய கட்டுரை எப்போதும் கடைசிப் பக்கங்களில்தான் வரும். அளவிலும் அதுவே சிறியது. காப்பியங்களுக்கு நூறு பக்கம், கவிதைக்கு ஐம்பது பக்கம், சிறுகதைக்கு முப்பது பக்கம் ஒதுக்கியபின் நாடகத்துக்கு நான்கு பக்கம் எஞ்சும். அந்த நான்கு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரியாகத் தொடங்கும். முஸ்லிம்களிடையே நாடக மரபு வலுவாக வளரவில்லை. மார்க்கக் காரணங்களும் சமூகக் காரணங்களும் அதற்குத் தடையாயின. எனினும் அலிபாதுஷா நாடகம், சீதக்காதி நொண்டி நாடகம், திருமக்கா நொண்டி முதலிய சில பிரதிகள் உள்ளன. அத்துடன் விடயம் முடிந்துவிடும்.

இதைப் பொய்யென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் கணக்கெடுத்த முறையில் ஒரு குறை இருக்கிறது. எழுதியவர்களை எண்ணினோம், பிரதிகளை எண்ணினோம், நடித்தவர்கள் ஓரிருவர் இருந்தால் அவர்களையும் எண்ணினோம். களரியைச் சுற்றி மணலில் குந்தியிருந்தவனை எவரும் எண்ணவில்லை. கவிதையை ஒருவன் தனியே இருந்து எழுதலாம், தனியே வாசிக்கலாம். நாடகம் அப்படியன்று. பார்க்க ஆளில்லாவிட்டால் ஆடுபவனுக்கு அது ஒத்திகை மட்டுமே. அப்படியானால் நாடக மரபு என்பதில் பாதி பார்வையாளனுடையது. அந்தப் பாதியில் நமக்குப் பங்கு உண்டா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள நமது ஊர்களை வைத்து மட்டுமே இதைப் பேசுகிறேன். மற்ற இடங்களைப் பற்றி அங்குள்ளவர்கள் எழுதட்டும்.

கிண்ணியாப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். 2014 இல் வபாத்தானார். பெயர் வேண்டாம், காரணம் பின்னால் வரும். இளமையில் சில ஆண்டுகள் கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் நின்றார். பிறகு ஊருக்கு வந்து வயல் செய்தார். நான் பாடசாலையில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குகிறேன் என்று கேள்விப்பட்டு, ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் என்னைக் கூப்பிட்டு, மத்தளம் இல்லாமல் எப்படி நாடகம் பழக்குகிறீர் என்று கேட்டார். அப்படித் தொடங்கிய பேச்சு நான்கு வருடம் நடந்தது. அவர் எதையும் எழுதியவர் அல்லர். ஒரு வரி பாடியவரும் அல்லர். பார்த்தவர். தம்பலகாமத்திலும், வெருகல் கடந்து வாகரைப் பக்கத்திலும், மட்டக்களப்பு ஊர்களிலும் அவர் பார்த்த கூத்துகளைக் கைவிரலால் எண்ண முடியாது.

இங்கே நமது நிலவியலைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரைக்கும் திருகோணமலைப் பட்டினத்துக்குப் போக எங்களுக்குப் பாதைதான். நீரில் மிதக்கும் அந்தத் தட்டில் மனிதரும் சைக்கிளும் வாகனமும் ஏறிக் கடக்கவேண்டும். மூதூரார் லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்தார்கள். இரண்டுக்கும் இரவில் ஓர் எல்லை உண்டு. கடைசிப் பாதை போனபின் அக்கரையில் நிற்பவன் விடியுமட்டும் அக்கரையில்தான். ஆகவே எங்களவருக்குப் பட்டினத்தில் நாடகம் பார்ப்பதென்பது இரண்டு மணித்தியால அலுவல் அன்று, ஓர் இரவு முழுவதையும் கொடுக்கும் அலுவல். கூத்தோ தன் இயல்பிலேயே விடியுமட்டும் ஆடப்படுவது. தம்பலகாமத்துக்கு வயல்வெளிக்கூடாகச் சைக்கிளில் போகலாம், பாதை தேவையில்லை. ஆனால் அங்கேயும் விடியுமுன் எழும்பி வருபவனைப் பார்வையாளனாக மதிக்கமாட்டார்கள். இஷாவைத் தொழுதுவிட்டுப் புறப்பட்டு, வழியில் ஏதாவது ஒரு பள்ளியில் சுபஹைத் தொழுதுவிட்டு வீடு வருவதே தமது வழக்கம் என்று பெரியவர் சொன்னார். இரண்டு தொழுகைக்கு இடையே அடங்கிய அந்த நேரத்துக்குள்தான் அவருடைய நாடகக் கல்வி முழுவதும் நடந்தது.

அந்தக் கல்வி சாதாரணமானதன்று. வடமோடி எது, தென்மோடி எது என்று உடுப்பைப் பார்க்காமலே, கண்ணை மூடிக்கொண்டு தாளக்கட்டிலேயே சொல்லிவிடுவார். வடமோடிக்குப் போர், தென்மோடிக்குக் காதல் என்று நாம் பாடப்புத்தகத்தில் படிப்பதை அவர் வேறு விதமாகச் சொன்னார்: "வடமோடி பாத்தா அடுத்த நாள் வேல செய்யலாம். தென்மோடி பாத்தா செய்ய ஏலா." மகாபாரதத்தை அவர் எந்த நூலிலும் வாசிக்கவில்லை. பதினெட்டாம் போரையும் பப்பிரவாகனையும் அண்ணாவிமார் வழியாகவே அறிந்தார். அதனால் அவருக்குக் கர்ணன் என்பவன் ஒரு பாத்திரம் அல்லன், இன்ன ஊரில் இன்னார் ஆடிய ஆட்டம். ஒரே கர்ணனை மூன்று பேர் ஆடக் கண்டு ஒப்பிட்டுப் பேசுவார். வரவில் ஒருவன் கால் வைத்த விதம், களைத்துப்போன நேரத்தில் பிற்பாட்டுக்காரர் அவனைத் தாங்கிய விதம், உயர்ந்த குரலில் தொடங்கி முடிக்க முடியாமல் திணறிய இடம் எல்லாவற்றையும் நாற்பது வருடம் கழித்துச் சொன்னார். எங்கே இருந்து பார்ப்பது என்பதிலும் அவருக்குக் கொள்கை இருந்தது. வட்டக்களரிக்கு முன்பக்கம் கிடையாது. ஆகவே மத்தளக்காரரின் பின்னால் இருக்கவேண்டும். ஆடுபவன் மத்தளத்தைத்தான் பார்ப்பான், அவனுடைய முகம் அங்கிருந்துதான் தெரியும் என்பார். இதை எந்த ஆய்வு நூலிலும் நான் வாசித்ததில்லை.

ஒருமுறை யாழ்ப்பாணம் போயிருந்தபோது வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை ஒரு கோயில் வீதியில் பார்த்திருக்கிறார். காங்கேசன்துறை வசந்த கான சபையின் அந்த இசைநாடகத்தைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுள்ளது. குரல், சுருதி, நடிப்பு, உருக்கம் என்று எல்லாம் உண்டு. பெரியவர் அழுதாராம். ஏன் அழுதீர்கள் என்று கேட்டேன். "அமானிதம் காத்த மனுசன்" என்றார். அவ்வளவுதான். அரிச்சந்திரனைச் சத்தியத்தின் உருவம் என்று சொல்வது மரபு. சத்தியம் என்பது பேச்சைப் பற்றியது. அமானிதம் என்பது ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பற்றியது. சுடலையில் தன் எசமானுக்குரிய கூலியைத் தன் பிள்ளையின் பிணத்துக்கும் விட்டுக்கொடுக்காமல் கேட்பவனின் நிலையை இரண்டாவது சொல் இன்னும் கிட்ட நின்று காட்டுகிறது. நாடகத்தை நடத்தியவர்களின் கையில் இல்லாத ஒரு சொல்லைப் பார்வையாளன் தன் வீட்டிலிருந்து கொண்டுபோயிருக்கிறான். விமர்சனம் என்று நாம் சொல்வது இதைத்தானே?

இனி 'மனமே'. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் அந்த நாடகம் 1956 நவம்பர் 3 ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. சிங்கள நவீன நாடகத்தின் பிறப்பு என்று அதைக் கொண்டாடுகிறார்கள், தவறில்லை. அதற்குமுன் 1953 இல் சிங்கள நாட்டார் நாடகம் பற்றிய நூலை எழுதியவர் அவர். ஜப்பானுக்குப் போய்க் கபுக்கியைப் பார்த்தவர். பலப்பிட்டிப் பக்கத்து நாடகம் குருவான சாள்ஸ் சில்வா குணசிங்கவிடமிருந்து பழைய மெட்டுகளையும் ஆட்டங்களையும் பெற்றே அதை உருவாக்கினார். கரையோரச் சிங்கள ஊர்களில் 'நாடகம' எனப்படும் அந்த வடிவமோ கத்தோலிக்கர் வழியாகத் தமிழ்க் கூத்திலிருந்து போனது; பெயரே அதைச் சொல்கிறது.

இந்தச் செய்திகள் ஒன்றும் தெரியாமல், 'மனமே' வந்த சில வருடங்களில், கடை முதலாளியின் நண்பர் ஒருவர் கொடுத்த நுழைவுச்சீட்டில் நம் பெரியவர் அதைப் பார்த்தார். அப்போது அவருக்குக் கடைச் சிங்களம்தான் தெரியும். பொத்தேகுரு வந்து நின்று கதையைத் தொடங்கியதும், இது நம்மட ஏட்டு அண்ணாவியார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம். மத்தளம் விழுந்தவுடன் மெட்டுத் தெரிந்துவிட்டது. சொற்கள் பாதியும் புரியாமல், ஆனால் ஒன்றும் அந்நியமாகத் தோன்றாமல் இருந்து பார்த்திருக்கிறார். அந்த அரங்கில் அன்று சரச்சந்திரவைப் புகழ்ந்த படித்தவர்கள் பலருக்கு இல்லாத ஒரு காது அவருக்கு இருந்தது. மொழியைக் கடந்து மரபின் வேரைக் கேட்கும் அந்தக் காதைத் தம்பலகாமத்து மணல்தான் கொடுத்தது.

கதை உங்களுக்குத் தெரியும். மனமே இளவரசன் குருகுலம் முடித்து மனைவியுடன் காட்டு வழியாக வருகிறான். வேட அரசன் மறிக்கிறான். சண்டையில் இளவரசன் வாளைக் கேட்கும்போது இளவரசி தயங்குகிறாள். அந்தத் தயக்கத்தில் அவன் உயிர் போகிறது. சாதகக் கதையில் பெண் குற்றவாளி, தீர்ப்பு இலேசானது. சரச்சந்திர அந்தத் தீர்ப்பைக் கடினமாக்கினார். அவருடைய சாதனை அங்கேதான் இருக்கிறது. பெரியவர் அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொன்னது இது: "அந்தப் பிள்ள வாளக் குடுக்காம விடல்ல. கை நடுங்கிச்சி. நடுங்கின கைக்கு என்ன தண்டன?" பாதி மொழி விளங்காத ஒருவர் நாடகாசிரியர் நினைத்த இடத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். இதற்குமேல் ஒரு நாடகத்துக்கு என்ன பாராட்டு வேண்டும்?

ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. "முடிஞ்சிட்டா?" என்று கேட்டாராம். வெளியே வந்தபோது கொழும்பில் இன்னும் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. பழைய நாடகம பல இரவுகள் தொடர்ந்து ஆடப்பட்டது. 'மனமே' இரண்டு மணித்தியாலத்துக்குள் அடங்கியது. இந்தக் கேள்வியை நாட்டுப்புறத்தானின் அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. நமது கூத்துச் சீர்திருத்தம் முழுவதற்கும் அது பொருந்துகிறது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் செய்ததற்குச் சரச்சந்திரவின் வெற்றி ஒரு தூண்டுதல் என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்டது. 1960களில் அவர் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவற்றை மேடையேற்றினார். 'அலங்காரரூபன் நாடகம்', மன்னாரின் 'எண்டிரிக்கு எம்பரதோர்' போன்ற ஏடுகளைப் பதிப்பித்தார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் 'சங்காரம்' மூலம் கூத்துக்குள் வர்க்கப் போராட்டத்தையே கொண்டுவந்தார். இவர்களுடைய உழைப்பு இல்லாவிட்டால் கூத்தைப் படித்தவன் மதித்திருக்கமாட்டான், பல்கலைக்கழகத்தில் பாடமாகியிருக்காது, இன்று நான் அதைப் பற்றி எழுதும் சொற்கள்கூட இருந்திருக்காது. இதை மறுப்பவன் நன்றி கெட்டவன்.

இருந்தும் விலை என்ன? எட்டு மணித்தியாலத்தை ஒன்றரை மணித்தியாலமாக்கியபோது, வட்டக்களரியைப் படச்சட்ட மேடையில் ஏற்றியபோது, குறைந்தது ஆட்ட நேரம் மட்டுமன்று. மத்தளத்துக்குப் பின்னால் இருந்தவனின் இடம் போயிற்று. எல்லோரும் முன்னால் வரவேண்டியதாயிற்று. முன்னால் வர நாற்காலி வேண்டும், நாற்காலிக்கு மண்டபம் வேண்டும், மண்டபத்துக்கு நுழைவுச்சீட்டும் அழைப்பிதழும் வேண்டும். கோயில் வெளியில் நடந்த கூத்துக்கு எந்த ஊரவனும் எந்த மதத்தவனும் சால்வையைப் போர்த்திக்கொண்டு போய்க் குந்தலாம். யாரும் அழைக்கவில்லை என்பதே அவனுக்கு வசதி. மண்டபத்துக்கு அப்படிப் போக முடியாது. நவீன கூத்து கிராமத்துக் கலைஞனை மேலே தூக்கியது. ஆனால் அயலூரிலிருந்து கூப்பிடாமல் வந்த பார்வையாளனைக் கவனிக்கவில்லை. அவர்களுடைய எழுத்துகளில் அவன் இல்லை. நம்முடைய எழுத்துகளிலும் இல்லை. இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து அவனைத் தொலைத்தோம்.

பின்னாளில் மட்டக்களப்பில் சி. ஜெயசங்கரும் நண்பர்களும் சீலாமுனையில் முன்னெடுத்த 'கூத்து மீளுருவாக்கம்' இந்தக் குறையின் ஒரு பக்கத்தைத் தொட்டது. கூத்தைக் களரியிலேயே வைத்து, ஆடுகிற சமூகத்தோடு பேசி, சாதி, பெண் பற்றிய கூறுகளை மாற்றுவது அவர்களின் வழி. கூத்தைப் பெயர்த்தெடுக்காமல் திருத்தலாம் என்று காட்டியது பெரிய விடயம். என் எதிர்பார்ப்பு இன்னும் ஒரு படி கூடியது: ஆடும் சமூகத்தோடு பேசுவதுபோல, வரப்புக்கு அப்பால் இருந்து வந்து பார்த்த சமூகத்தோடும் யாராவது பேசவேண்டும்.

நாடகம் நமக்கு அந்நியம் என்ற பேச்சுக்கு மறுபடி வருகிறேன். இலங்கை மேடையை ஆட்டிவைத்த இசை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. லக்னோவில் ஆகா ஹசன் அமானத் என்ற உருதுக் கவிஞர் 1850களில் எழுதிய 'இந்தர் சபா' பார்சி நாடகக் குழுக்களோடு பம்பாயிலிருந்து கடல் தாண்டியது. 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் அக்குழுக்கள் கொழும்புக்கு வந்தபின்தான் சிங்களத்தில் நூர்த்தி பிறந்தது. ஜோன் த சில்வாவின் நாடகங்கள், 1911 இல் திறந்த டவர் மண்டபம், அங்கு எழுந்த இந்துஸ்தானி மெட்டுகள் எல்லாம் அந்த வழி வந்தவை. அதே காற்றில்தான் உஸ்தாத் முகம்மது கௌஸ் இசைத்தட்டுகளுக்கு இசையமைத்தார். சேலத்தில் பிறந்த மொஹிதீன் பேக் கொழும்புக்கு வந்து சிங்களவர் வீட்டு வெசாக் பாட்டுக்குக் குரலானார். தமிழ் மேடையிலும் அப்படித்தான். பக்த இராமதாஸ் நாடகத்தில் நவாப்பாக வந்த ராஜமாணிக்கத்துக்கு வாழ்நாள் முழுவதும் நவாப் என்பதே பட்டமாயிற்று. வேடம் பெயரை விழுங்கிவிட்டது.

கடலுக்கு அப்பால் பார்த்தால் இன்னும் விரியும். மங்கோலியர் படையெடுப்புக்குப்பின் மோசுலிலிருந்து கெய்ரோவுக்கு வந்த கண் வைத்தியர் இப்னு தானியால் 13 ஆம் நூற்றாண்டிலேயே நிழற்கூத்துக்கு மூன்று நாடகம் எழுதினார். அதே கெய்ரோவில்தான் 1871 இல் வெர்டியின் 'ஐடா' முதன்முதலாக அரங்கேறியது. ஆனால் அது கதீவின் விருந்தாளிகளுக்கான இரவு. அதைப் பற்றி நமக்கு அதிகம் பேச ஒன்றுமில்லை. நமக்கு உறவானது பாக்கு நகரில் 1908 ஜனவரியில் நடந்தது. உசெயிர் ஹாஜிபெயோவ் என்ற இளைஞர், அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது, புசூலியின் காவியத்தை எடுத்து 'லைலா மஜ்னூன்' என்ற இசைநாடகத்தை மேடையேற்றினார். முஸ்லிம் உலகின் முதலாவது ஒபேரா என்று அதைச் சொல்வார்கள். மேற்கத்திய வாத்தியங்களோடு தம் நாட்டு முகாம் இசையை அப்படியே வைத்தார். பாடகன் தன் மனம்போல் விரித்துப் பாட இடம் விட்டார். லைலாவாக ஆடியவர் ஓர் ஆண். பெண் மேடையேற முடியாத காலம். நமது கூத்திலும் பெண் வேடத்துக்கு ஆண்தான். மஜ்னூனாகப் பாடிய சரப்ஸ்கி ஊரெங்கும் மஜ்னூன் என்றே அறியப்பட்டார். நவாப் ராஜமாணிக்கத்தின் கதையேதான்.

ஒபேரா என்றவுடன் நம்மவர் அது கண்ணாடி விளக்கும் வெள்ளைக்காரச் சீமாட்டிகளும் என்று ஒதுங்குகிறார்கள். முழுவதும் பாட்டாலும் தாளத்தாலும் நடக்கும் நாடகம் என்பதுதான் பொருள் என்றால், வாகரைக் கரையில் பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் ஆடிய 'அலங்காரரூபன்' வேறு என்ன? ஹாஜிபெயோவ் தம் முகாமை வெட்டிச் சுருக்காமல் மேடைக்குக் கொண்டுபோன விதத்தை நமது கூத்துச் சீர்திருத்தக்காரர் இன்னும் ஊன்றிப் பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம்.

பார்வையாளனின் நினைவை எழுதிவைத்தவர்கள் நம் மொழியில் மிகச் சிலர். பம்மல் சம்பந்த முதலியார் ஒருவர். 'நாடக மேடை நினைவுகள்' நடிகரின் நூல்தான். ஆயினும் அதன் ஊற்று ஒரு பார்வையாளனின் இரவு. 1891 இல் சென்னையில் பல்லாரி கிருஷ்ணமாச்சாரியார் குழுவின் தெலுங்கு நாடகத்தைப் பார்த்ததே தம்மை மாற்றியது என்று அவர் சொல்கிறார். அதே ஆண்டில் சுகுண விலாச சபை பிறந்தது. பின்னர் இலங்கைக்கும் வந்து நடித்தது. தமிழரான அவரைப் பிடித்தது தெலுங்கு நாடகம். நமது பெரியவரைப் பிடித்தது சிங்கள 'மனமே'யும் கோயில் வெளிக் கூத்தும். ரசனை எப்போதும் அடுத்த வளவில்தான் தொடங்கும்போலும்.

எல்லாவற்றையும் புகழ்ந்துகொண்டு போக முடியாது. இந்த இரவுகளில் நமது பெண்கள் இல்லை. தமிழ்க் கிராமத்துப் பெண்கள் பாயும் பிள்ளையுமாக வந்து களரிக்கு அருகில் இடம் பிடித்தார்கள். நமது வீட்டுப் பெண்களுக்கு அந்த வயல் பாதையே மூடியிருந்தது. அவர்களுக்குக் குரவையும் கவியும் இருந்தன, கல்யாண வீட்டின் உள்வளவு இருந்தது. அது ஒரு தனிக் கலையுலகம் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் விடியுமட்டும் ஒரு கதையோடு இருந்து, எழும்பி, அதைப் பற்றி வாதாடும் உரிமை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இளவரசியின் கை நடுங்கியதைப் பற்றி நமது உம்மாமார் என்ன சொல்லியிருப்பார்கள்? அந்த விமர்சனம் நமக்குக் கிடைக்காத நட்டம்.

பிறகு இரவே இல்லாமற்போயிற்று. 1980களின் நடுவிலிருந்து ஊரடங்கு, சோதனைச் சாவடி, ஒருவரையொருவர் அஞ்சிய காலம். தமிழ் ஊருக்கு முஸ்லிமும் முஸ்லிம் ஊருக்குத் தமிழரும் பகலிலேயே யோசித்துப் போன வருடங்கள். 2006 ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கால்நடையாகக் கந்தளாய் நோக்கி ஓடினார்கள். சம்பூர்த் தமிழர்கள் அதே ஆண்டில் இடம்பெயர்ந்து பல வருடம் முகாம்களில் கிடந்தார்கள். அந்த ஊர்களுக்கிடையே ஒருகாலத்தில் கூத்துப் பார்க்க நடந்த ஒற்றையடிப் பாதைகள் இருந்தன என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 2009 இல் பாலம் வந்தது. இப்போது எந்த இரவிலும் சில நிமிடத்தில் பட்டினத்துக்குப் போகலாம். போய்ப் பார்க்க அங்கே விடியுமட்டும் ஒன்றும் நடப்பதில்லை.

போருக்கு முந்திய வருடங்களில் வானொலி ஒரு பங்கை ஏற்றது. முஸ்லிம் நிகழ்ச்சி நாடகங்கள், அதற்கும் மேலாக 'கோமாளிகள்'. 1976 இல் படமாகவும் வந்த அந்தத் தொடரில் மரிக்காராகப் பேசிய எஸ். ராமதாஸ் முஸ்லிம் அல்லர். ஐயராகப் பேசிய பி. எச். அப்துல் ஹமீத் பிராமணர் அல்லர். நமது பேச்சைக் கேலி செய்கிறார்கள் என்று சிலர் குறைப்பட்டதுண்டு. கேலி இருந்தது, ஆனால் எல்லோருக்கும் சமமாக இருந்தது. ஒருவர் மற்றவரின் நாக்கை இரவல் வாங்கிப் பேசியபோது நாடு முழுவதும் சேர்ந்து சிரித்தது. பெரியவருக்கு ராமதாஸைப் பிடிக்கும். "எங்கட பேச்ச நாங்க பேசினா சிரிப்பு வராது, அவன் பேசினாத்தான் வருது" என்பார். வேடம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் ஆசிரிய கலாசாலையில் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே நடித்துக் காட்டல் ஒரு கற்பித்தல் உத்தி; அவ்வளவுதான்.

இன்று நமது பாடசாலைகளில் நாடகம் என்றால் தமிழ்த்தினப் போட்டி. போதைப்பொருள், சீதனம், சூழல் மாசு இவற்றில் ஒன்று தலைப்பு. பிள்ளைகள் மூன்று மாதம் ஒத்திகை பார்த்து மூன்று நடுவர்களுக்கு முன்னால் நடிப்பார்கள். முன்வரிசையில் அடுத்து நடிக்கக் காத்திருக்கும் பிள்ளைகள், அவர்களோ தங்கள் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். பார்வையாளர் என்று ஒருவரும் இல்லை. புள்ளி கிடைக்கிறது, சான்றிதழ் கிடைக்கிறது. 'நாடகமும் அரங்கியலும்' பாடத்தை எடுக்கும் முஸ்லிம் மாணவரும் நான் அறிந்த பாடசாலைகளில் மிகச் சொற்பம். எடுத்த பிள்ளைகளும் கூத்தைக் கண்டதில்லை. வடமோடியின் இயல்புகள் ஐந்து என்று மனனம் செய்து எழுதுகிறார்கள். நடிக்கப் பழக்குமுன் பார்க்கப் பழக்கவேண்டும் என்று கூட்டங்களில் சொல்லிப் பார்த்தேன். வாகனச் செலவுக்கு எந்தத் தலைப்பில் பணம் எடுப்பது என்ற கேள்வியில் அது நின்றது.

மார்க்கக் கேள்வியை நான் தவிர்த்துவிட்டேன் என்று சிலர் சொல்லலாம். உலமாக்கள் பேசவேண்டியதை உலமாக்கள் பேசட்டும். என்னுடைய விடயம் வரலாறு. போனார்கள் என்பதும், இருந்தார்கள் என்பதும், திறமாகப் பார்த்தார்கள் என்பதும் நடந்தவை. பிடிக்காததால் ஒன்று நடக்கவில்லை என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. கிண்ணியா, மூதூர், தோப்பூர், குச்சவெளி, புல்மோட்டை ஊர்களில் எண்பதை அண்டிய சிலர் இன்னும் இருக்கிறார்கள். எந்த ஊரில் எந்தக் கூத்து, யார் அண்ணாவியார், யார் மத்தளம், எப்படிப் போனீர்கள், யாரோடு திரும்பினீர்கள் என்று ஐந்து கேள்வி கேட்டு எழுதினால் போதும். ஆய்வுப்பட்டம் தேவையில்லை, ஒரு கொப்பியும் பின்னேர நேரமும் தேவை. ஆனால் வீட்டாரை வைத்துக்கொண்டு கேட்கக்கூடாது.

ஏனென்றால், பெரியவரின் பெயரை எழுதலாமா என்று கேட்க அவருடைய மகன் ஒருவரிடம் போனேன். தகப்பன் பார்த்த கூத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "வாப்பாவா? வாப்பா கூத்துக்கெல்லாம் போறல்ல மாஸ்டர். ராவையில வட்டைக் காவலுக்குப் போவார். உம்மா சாப்பாடும் கட்டிக் குடுப்பா" என்றார்.